மேட்டுப் பள்ளியில் ஓர் இடம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. வெந்து காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தே பிரிப்பது அவள் வேலை. முழுசாக இருப்பது தனியறை நோயாளிக்கு, ஒட்டுப் போட்டது பொது வார்டுக்கு, கிழிசல் பிணவறைக்கு. வெளியே வந்தாலும் அந்தப் புத்தி அடங்காது. தக்காளி வாங்கப் போனால் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். "தாயே, பக்கத்துக் கடைக்குப் போயிடு, எனக்கு பிபி இருக்கு" என்பார். பெண் பார்க்க வந்தவர்களில் பஸ் டிரைவரைத் தேர்ந்தெடுத்ததும் நிறுத்துப் பார்த்துத்தான் என்று அவள் பெருமையடிப்பதுண்டு. பக்கத்தில் இருந்தால் டிரைவர், "மத்தவங்கெல்லாம் தப்பிச்சாங்க" என்பார்.

மகள் எட்டாம் வகுப்பை முடித்தபோது தராசுக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மூன்று. மூன்றுக்கும் ஒரே கல்வி அலுவலகம், ஒரே பாடப்புத்தகம், வாத்தியார்களுக்கு ஒரே சம்பளம். "அப்புறம் என்னடி வித்தியாசம்? பெயிண்ட்தான் வேற" என்றார் டிரைவர். "உங்களுக்கு பஸ்ஸுல ஏறுறவங்க எல்லாரும் ஒண்ணுதான், எனக்கு அப்படி இல்ல" என்று அவர் வாயை அடைத்துவிட்டுத் தராசு கிளம்பிவிட்டாள்.

அவளுக்கு வார விடுமுறை வேலைநாளில்தான் வரும். அது வசதியாகப் போயிற்று. முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சந்தைப் பள்ளி. கடைசி மணி அடித்ததும் வாசலைத் தாண்டி முதலில் ஓடி வந்தவர்கள் பிள்ளைகள் இல்லை, வாத்தியார்கள். பெண்பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லையாம். குடித்தால் அந்தக் கழிப்பறைக்குப் போக வேண்டுமே! அடுத்தது ரயில் பாதைப் பள்ளி. ரயில் போகும்போதெல்லாம் கணக்கு வாத்தியார் பேச்சை நிறுத்திவிடுவார். ரயில் போன பிறகு, விட்ட இடத்தில் தொடங்காமல் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். ஜன்னலுக்கு வெளியே நின்று இதைக் கேட்ட தராசுக்கு ரத்தம் கொதித்தது.

மூன்றாவது மேட்டுப் பள்ளி. அதிகாரிகள் குடியிருக்கும் மேட்டில், மரங்களுக்கு நடுவே இருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகளின் விரல்களில் மருந்துக் கறை இருந்தது. தராசு வாட்ச்மேனை ஏய்த்துவிட்டு நேராகப் பெண்கள் கழிப்பறைக்குள் போய், ஒவ்வொரு கதவாகத் தாழ் போட்டுப் பார்த்தாள். அத்தனை தாழும் விழுந்தன! வாட்ச்மேன் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். "இருங்கண்ணே, வர்றேன். ஊரையே கூட்டாதீங்க" என்று உள்ளிருந்தே சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து, "படிச்சா அங்கதான் படிக்கணும், இல்லேன்னா நம்ம பொண்ணு நாளைக்கு என்கூட கிழிசல் பிரிக்கணும்" என்றாள்.

ஆனால் அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைக்குத்தான் அந்தந்தப் பள்ளி. மேட்டில் குடியிருந்தால்தான் மேட்டுப் பள்ளியில் இடம். மேட்டில் இருந்த ஒரே சொந்தம் அவளுடைய அண்ணன், கட்டட மேஸ்திரி. அவர் வாய் திறக்காத மனிதர். அந்த வீட்டில் சகலமும் அண்ணிதான். அண்ணி யோசிக்கவே இல்லை. "அட்ரஸ் மட்டும் குடுத்தா மாட்டிக்குவோம். ஆள் வந்து பார்ப்பாங்களாம். புள்ள இங்கயே தங்கட்டும். என் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன்" என்றாள். அண்ணிக்கு அப்போது கைக்குழந்தை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் வேலைக்காரி எவளும் நிலைத்ததில்லை. ஊருக்கெல்லாம் எடை போடுகிறவளுக்கு இது மட்டும் தெரியாமல் போகுமா? தெரிந்துதான் அனுப்பினாள்.

பள்ளி திறந்த வாரத்தில் மகள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த விடுமுறையில் தராசு பார்க்கப் போனபோது, பிள்ளை குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த முறை சமையலறையே அவள் பொறுப்பாகியிருந்தது. படுக்கையும் அங்கேயே, அடுப்புத் திண்டுக்குக் கீழே. "படிக்க நேரம் இருக்காடி?" என்று தாய் கேட்டாள். "பள்ளிக்கூடத்துல இருக்கும்போது படிக்கறேன்" என்றாள் மகள். விரல் இடுக்கெல்லாம் சோப்பு அரித்து வெடித்திருந்தது. தராசு அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆனாலும் அந்தக் கழிப்பறைத் தாழ்களை நினைத்தாள், ஆய்வுக்கூடத்தை நினைத்தாள். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது என்று நிறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச வருஷம்தானே கண்ணு, பல்லைக் கடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். பாவி.

முகவரி சரிபார்க்கும் அதிகாரி வந்த காலையில் தராசும் அங்கே இருந்தாள். மகளுக்கு உள்ளாடை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் ஆபீஸ் பையோடு ஆள் நின்றதும் அண்ணி கண்ணைக் காட்டினாள்.

"இவங்க யாரு?" என்றார் அதிகாரி.

தராசுக்கு நாக்கு ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "நான் பக்கத்துத் தெருங்க சார். சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பழுத்த ஆள். ரேஷன் அட்டை, கரண்ட் பில் எதையும் அவர் நம்புவதில்லை. பொய்யாக அட்ரஸ் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குடிக்கிற தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்பது அவர் அனுபவம். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "பாப்பா, என் சட்டைப் பொத்தான் அறுந்து தொங்குது. ஊசி நூல் இருக்குமா?" என்றார்.

அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். வெள்ளை நூலைக் கோத்தே கொண்டு வந்திருந்தாள்.

"சர்க்கரை எங்க வெப்பீங்க?"

"எறும்பு வருதுன்னு தண்ணித் தட்டுல வெச்சிருக்கு, மேல் பலகையில."

"மாமாவோட பழைய செருப்பு?"

"மாடிப்படிக்கு அடியில. வார் அறுந்தது ஒண்ணு, நல்லது ஒண்ணு."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவைத் திறந்தார். தான் சொன்ன பதில்களே தன்னை அந்த வீட்டில் கட்டிப்போடுகின்றன என்று அப்போதுதான் பிள்ளைக்குப் புரிந்தது. குழந்தையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், இது எங்க வீடு இல்ல. நான் இங்க வேலைதான் செய்யறேன். எங்க வீடு சந்தைக்குப் பின்னால இருக்கு. என்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே மாத்திடுங்க சார்."

அண்ணியின் முகம் வெளுத்தது. தராசுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. போச்சு, எல்லாம் போச்சு! பெற்ற மகளே தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டாளே என்று பதறினாள்.

அதிகாரி நிதானமாகக் கேட்டார். "ராத்திரி எங்கம்மா படுக்கறே?"

"இங்கதான். சமையலறையில."

"எப்போலேருந்து?"

"பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து."

"நடுவுல வீட்டுக்குப் போனியா?"

"இல்ல சார். அனுப்பல."

"அப்போ சரியாப் போச்சு" என்றார் அதிகாரி. "சொந்த வீடு எதுன்னு எங்களுக்குக் கவலை இல்லம்மா. புள்ள ராத்திரி எந்த வட்டாரத்துல படுக்குதுங்கறதுதான் கணக்கு. மேட்டு வீட்டுலேருந்து எத்தனையோ பேரு பொய் சொல்லியிருக்காங்க. நீ ஒருத்திதான் உண்மையைச் சொன்னே." கையெழுத்துப் போட்டார். பொத்தானைத் தைத்துக்கொண்டார். ஊசியை அவளிடமே திருப்பிக் கொடுத்து, "நல்லாப் படி. நல்ல பள்ளிக்கூடம். மூணுலயும் அதுதான் உசத்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தராசு சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். "உன் பொண்ணு என்னைக் கம்பி எண்ண வெச்சிருப்பா, நல்லவேளை" என்று சொல்லிக்கொண்டே குழந்தையோடு உள்ளே போனாள். இடம் உறுதியாகிவிட்டது. படிப்பு முடிகிற வரைக்கும் இனி யாரும் வந்து கேட்க மாட்டார்கள். எத்தனையோ மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதில் தராசுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தேடினாள்.

பிள்ளை அங்கே இல்லை. உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. கோபமாக இருப்பாள், அழுவாள், கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்துவிடலாம் என்று தராசு எழுந்தாள். அதற்குள் மகளே கூடத்துக்கு வந்துவிட்டாள். அவள் அழுதிருக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு வருகிற யார் முன்னாலும் நிற்கிற தூரத்தில் நின்றாள்.

"அத்தை கேக்கச் சொன்னாங்க. டீ குடிச்சிட்டுப் போறீங்களா?" என்றாள். "உங்களுக்குச் சர்க்கரை போடலாமா?"