இலைத் தகட்டுக்குப் போட்ட உறை

காமயகவுண்டன்பட்டியை விட்டுக் கம்பம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது முறையாக நின்று ரத்தம் துப்பியபோது பல்லும் கூடவே வந்தது. மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு வாய்க்காலில் எறிந்துவிட்டு, அதே தண்ணீரில் வாயைக் கொப்பளித்தேன்.

பின்னால் வந்த டவுன் பஸ் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி மேலும் கீழும் பார்த்தார்.

“என்னப்பா, எவன் கூடச் சண்டை?”

“சண்டை இல்லண்ணே. அடி மட்டுந்தான்.”

“சட்டை பூராம் ரத்தம். சீட்டுல பட்டுச்சுன்னா பொம்பளையாளுக என்னையத்தான் வைவாக. கழுவிட்டு அடுத்த வண்டியில வா.”

விசில் கொடுத்துவிட்டார். நான் நடந்தேன். வலது காது அடைத்திருந்தது. இடது தோளைத் தூக்க முடியவில்லை. ஆனால் அடித்தவர்கள் மேல் கோபம் வரவில்லை. வாங்கவேண்டியதைக் கொஞ்சம் தாமதமாக வாங்கியிருந்தேன், அந்தத் தாமதம்தான் உறுத்தியது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஏலக்காய் எஸ்டேட், செங்கல் சூளை, ஓட்டல், லாரி என்று எங்கேயும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தது ஓர் ஆராய்ச்சி வேலைக்காக. வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் அதை நடத்தினார். தோட்டம் ஒரு கணவன் மனைவிக்குச் சொந்தமானது. இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கூரைபோல் கொடி படர்ந்த பந்தல்.

பந்தலுக்கு மருந்து அடிக்கிறவன் கீழே நின்று மேலே பார்த்து அடிக்கவேண்டும். அடித்த மருந்தில் பாதி அவன் முகத்திலேயே இறங்கும். தோட்டக்காரர் பதினெட்டு வருஷமாக அப்படி அடித்தவர். சாரல் காலத்தில் வாரம் இரண்டு தடவை. அடித்த அன்று சாப்பாடு இறங்காது, வாந்தி எடுப்பார். போன வருஷம் கையில் மருந்தடிக்கும் ஓஸோடு வரிசைக்கு நடுவில் விழுந்துவிட்டார். வாயில் நுரை, கண் மேலே சொருகிவிட்டது. அவர் மனைவிதான் அவரை வண்டிப் பாதைவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இழுத்ததில் கல்லில் உரசித் தோட்டக்காரர் முதுகுத் தோல் உரிந்துபோனதாம். “முதுகு போனாப் போகுது, மூச்சு இருந்துச்சுல்ல” என்று அக்கா சொல்வார்.

அதனால்தான் மேடம் வந்து கேட்டபோது அக்கா உடனே சம்மதித்தார். கிழக்குப் பாதியில் ஒரு கருவி வைப்பார்கள். இலையில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, செவட்டை என்கிற பூஞ்சை நோய் வருமா வராதா என்று அது போனுக்குச் சொல்லும். பச்சை வந்தால் மருந்து வேண்டாம். சிவப்பு வந்தால் மட்டும் அடிக்கவேண்டும். மேற்குப் பாதியில் பழையபடியே அடிக்கலாம். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கிழக்கு தேறினால் அடுத்த போகத்தில் முழுத் தோட்டமும் அப்படியே.

தோட்டக்காரர் ஒப்பவில்லை. சாரல் காலத்தில் மருந்து அடிக்காமல் இருப்பது, திருடன் வரும் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது மாதிரி என்றார். அக்கா விடவில்லை.

“கெழக்குப் பாதி கெட்டுப்போச்சுன்னா என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. பேசமாட்டேன்.”

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இதை என் காதால் கேட்டேன்.

என் வேலை கருவியைப் பார்த்துக்கொள்வது, அடையாளம் வைத்த கொடிகளின் இலைகளைப் படம் எடுத்து அனுப்புவது. கொடிகளுக்கு நடுவே நட்ட ஒரு கம்பத்தில் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் போய், இலைகளுக்கு நடுவே இலை மாதிரியே வெட்டிய ஒரு தகட்டில் முடிந்தது. அது எப்படி ஈரத்தைப் பார்க்கிறது என்று மேடம் விளக்கினார். எனக்குப் புரியவில்லை. புரிந்தவன்போலத் தலையாட்டுவது என் பழைய பழக்கம். “பொருளுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கங்க” என்று அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் சாரல் பிடித்ததும் தோட்டக்காரர்கள் முதலில் ஓடுவது மோட்டாரிடம்தான். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு யூரியா சாக்கைப் போர்த்திக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. கரண்டில் ஓடுகிற எதுவும் நனையக்கூடாது. நானும் அதைத்தான் செய்தேன். பெட்டிக்குச் சாக்கைப் போர்த்தினேன். தகட்டுக்கு, என் போனைப் போட்டு வைத்திருந்த பாலிதீன் உறையை மாட்டி, அடியில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு தூங்கினேன்.

பதினொரு நாள் சாரல் விடவில்லை. பதினொரு நாளும் போனில் பச்சை.

காலையில் அக்கா வந்து கேட்பார். “என்ன கலரு?”

“பச்சைக்கா.”

“இன்னிக்கும் கெழக்குல அவுக நெஞ்சுக்கு லீவு.” சிரித்துக்கொண்டே போவார்.

பக்கத்துத் தோட்டக்காரர் முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் ஒரு தடவை சத்தம் கொடுப்பார். “என்ன மாப்ள, போனு இன்னும் உத்தரவு குடுக்கலையா? செவட்டை வந்தா அதுக்கும் ஒரு மெசேஜ் போட்டுவிடு, திரும்பிப் போயிரும்.” அவர் ஆட்கள் சிரிப்பார்கள். எங்கள் தோட்டக்காரரோ, கையில் இருக்கும் கத்தரியால் தேவையில்லாமல் ஒரு கொடியை வெட்டிப் போடுவார்.

பன்னிரண்டாம் நாள் மேடம் போன் செய்தார். “அங்க மழைன்னு சொல்றீங்க, தகடு மட்டும் சுத்தமா காஞ்சிருக்குன்னு காட்டுதே. மேல ஏதாவது மூடியிருக்கா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தகட்டின் வேலையே நனைவதுதான். போனைக் காதில் வைத்தபடியே கயிற்றை அவிழ்த்தேன். உறையைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன்.

“ஒண்ணும் மூடல மேடம்.”

மறுநாளே போனில் சிவப்பு வந்தது. மருந்தும் அடித்தார்கள். பிரயோசனம் இல்லை. செவட்டையில் இலைமேல் மஞ்சள் புள்ளி தெரியும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மூன்று நாளில் புள்ளி கொத்துக்கு இறங்கியது. பட்டாணி அளவு காய்கள் பழுப்பேறிச் சுருங்கின. தொட்டால் உதிர்ந்தன.

அன்று மதியம் தோட்டக்காரர் அரிவாளோடு கிழக்குப் பாதிக்குள் போனார். நோய் பிடித்த கொத்தை வெட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் அடித்தண்டை வெட்டினார். ஒரே வெட்டு, அடுத்த கொடி. ஒரே வெட்டு, அடுத்த கொடி. பதினெட்டு வருஷம் வளர்த்த தண்டுகள். பந்தல் மேலே பச்சையாகவே இருந்தது, கீழே தண்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. கருவிக் கம்பத்துக்கு வந்ததும் அரிவாளைப் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். பெட்டி மூன்றாவது அடியில் சிதறியது.

அக்கா ஓடிவந்தார். “செடி என்ன பாவம் பண்ணுச்சு! செடிய விடுங்க!”

“செடிய விட்டுட்டேன்டி. நீ வா. என்ன வேணாலும் செய்யின்னு சொன்னீல?”

தரையில் கிடந்த மருந்து ஓஸை அரிவாளால் ஒரு கை நீளம் வெட்டினார். அதை மடக்கிப் பிடித்து அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். அக்கா கத்தவில்லை. பேசமாட்டேன் என்று சொன்னதைக் காப்பாற்றுகிறவர்போலக் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது அடி கழுத்தில் விழுந்து தோல் கிழிந்தது.

மூன்று அடிவரை நான் பேசாமல் நின்றேன். உறை பையில் இருந்தது, கை அதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. நாலாவதற்கு ஓஸ் மேலே போனபோது குறுக்கே புகுந்து உறையை எடுத்து நீட்டினேன்.

“அண்ணே, அக்கா மேல தப்பில்ல. மழையில கெட்டுப்போகும்னு நாந்தான் தகட்டை மூடிவச்சேன். அதான் பச்சையாவே வந்துச்சு.”

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அந்த நாலாவது அடி என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் எண்ணவில்லை. கீழே விழுந்தேன், காலால் மிதித்தார். “ஏலே, எம் பொண்டாட்டி அடி வாங்குறத வேடிக்கை பாத்தியாலே” என்று அவரே கேட்டார். அவர்தான் அடித்தவர். ஆனாலும் அந்தக் கேள்வி தப்பில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். எதிரே அக்கா நின்றார். கையில் மண்வெட்டி. இரும்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மரப்பிடியை என் பக்கம் ஓங்கியிருந்தார்.

“பதினொரு நாளு பச்சைன்னு சொன்னியேடா.”

பிடி வாயில் இறங்கியது. அவர் கணவர் அடித்ததை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது. அடுத்தது தோளில். மூன்றாவதற்கு ஓங்கியபோது தோட்டக்காரரே பாய்ந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

“ஆத்தா, விடுடி! செத்துகித்துத் தொலைஞ்சுரப் போறான்.”

“சாகட்டும். இனிமே நீங்க மருந்தடிச்சுச் சாகணும்ல. அதுக்கு இவன் மொதல்ல சாகட்டும்.”

அவர் மண்வெட்டியை வேலிக்கு அப்பால் எறிந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். அன்று மட்டும் அவர் சத்தம் கொடுக்கவில்லை. குனிந்து மண்வெட்டியை எடுத்து இந்தப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். நானும் எழுந்து நடந்தேன்.

ரோட்டில் பாதி தூரம் வந்தபிறகு மேடம் கூப்பிட்டார். கருவியிலிருந்து தகவல் நின்றுபோயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அவரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. ஒரு பல் குறைந்ததால் பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின.

“கருவி சுக்கு நூறாயிருச்சு மேடம்.”

“கருவிய விடுங்க. அந்தக்கா எப்படி இருக்காங்க?”

“கழுத்துல கிழிஞ்சிருக்கு.”

 அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உறை இருந்தது என்று கேட்டார். அந்த நாட்களை எல்லாம் கணக்கிலிருந்து வெட்டிவிட வேண்டுமாம். ஏன் வெட்டினோம் என்பதையும் எழுதவேண்டுமாம். “மூடாம இருந்திருந்தா நாலாவது நாளே சிவப்பு வந்திருக்கும்ணா” என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் படுத்தேன். ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தேன். விடிந்து ஜீப்புக்காரர்கள் ஆள் கூப்பிட ஆரம்பித்த நேரத்தில் போன் அடித்தது. அக்கா.

“எங்கன இருக்க?”

“கம்பத்துலதான்க்கா.”

“கெழக்குலருந்து தாவி மேக்குப் பாதியிலயும் புள்ளி ஏறுது. இன்னிக்கு அடிக்கலைன்னா அதுவும் போயிரும். அவுக விடியவும் டிரம்முல மருந்தக் கலக்கிட்டாக. நான் ஸ்டார்ட்டர் பெட்டியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டேன். நீ வந்து அடி.”

“அக்கா, என் தோளு...”

“ஒரு கையால அடி. அவுக நெஞ்சுக்குப் போறது ஒன் நெஞ்சுக்குப் போகட்டும். இந்தப் போகம் முடியுறவரைக்கும் மருந்தடிக்கிறது நீதான்.”

ஜீப் நிரம்பிக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கம் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்தில் தோட்டக்காரர் மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்கா கழுத்தில் மஞ்சள் பூசியிருந்தார். கிழக்குப் பாதியில் வெட்டிய கொடிகளின் இலைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. வெட்டுப்பட்ட ஓஸைக் கிளிப் போட்டு இணைத்திருந்தார்கள், ஒரு கை நீளம் குறைந்திருந்தது. மேற்குப் பாதியில் நுழைந்து இலையைத் தொட்டுப் பார்த்தேன். சாரலில் நனைந்திருந்தது. ஈர இலையில் மருந்து நிற்காது. மூன்று பேரும் காத்திருந்தோம்.  வெயில் ஏறி, பத்து மணிக்குத்தான் கடைசி இலை காய்ந்தது.

“காஞ்சிருச்சு” என்றார் அக்கா. “வாயக் கட்டிக்க.”

துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். மோட்டார் ஓடியது. ஓஸ் கையில் விறைத்தது. வலது கையால் அதைத் தூக்கி, பந்தலை அண்ணாந்து பார்த்துத் திறந்துவிட்டேன். மருந்து மேலே போய் இலையில் பட்டு, பாதி என் முகத்தில் இறங்கியது. பல் போன இடம் துண்டுக்குள் எரிந்தது. அடுத்த கொடிக்கு நகர்ந்தேன்.