குளித்துவிட்டுத்தான் தூக்குவேன்

"அம்மா, இண்டைக்கும் செத்தவீட்டுக்கா போனீங்கள்?" என்று மூன்று வயது மகள் கேட்டாள். நான் வேலைக்குப் போய்த்தான் வந்திருந்தேன்.

கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சர்வதேசப் பாதுகாப்பு, சுற்றாடல் ஆபத்துகள் பற்றிய பாடநெறி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். வகுப்புகள் குறைவு. ஆய்வுகூடங்களுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஓரிடத்தில் களனி ஆற்றுத் தண்ணீரில் ஆலைக்கழிவு கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்டினார்கள். இன்னோரிடத்தில், துறைமுகத்துக்கு வரும் கொள்கலனில் கதிரியக்கப் பொருள் இருந்தால் சத்தமிடும் கருவியைக் காட்டினார்கள். குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன். பயம் வரவில்லை.

அடுத்தது கிருமி ஆய்வுகூடம். நோய்கள் நாடுவிட்டு நாடு பரவுவதையும், மாதிரிகள் தவறானவர்கள் கையில் போனால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினார்கள். நாங்கள் உள்ளே போகவில்லை, தடித்த கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். அப்படியிருந்தும் வெள்ளவத்தைக்கு வந்து சேரும்வரை கைகளை மடியில் வைக்காமலே பஸ்ஸில் இருந்தேன்.

கதவைத் திறந்ததும் மகள் ஓடி வந்தாள். "தொடாதேங்கோ, அம்மா குளிச்சிட்டு வாறன்" என்றேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி, என் கணவரின் அம்மா, எட்டிப் பார்த்தார். "ஆரின்ர செத்தவீடு பிள்ளை? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

எங்கள் வீட்டில் செத்தவீட்டுக்குப் போய் வந்தால்தான் அப்படி நேரே குளியலறைக்குப் போவோம். நான் விஷயத்தைச் சொன்னேன். "கண்ணாடிக்கு வெளியில நிண்டதுக்கே இந்த எடுப்போ?" என்று மாமி சிரித்தார். மகளுக்குச் செத்தவீடு என்ற சொல் மட்டும் பிடித்துக்கொண்டது.

அதன்பின் அலுவலகத்திலிருந்து வந்தாலும் குளித்துவிட்டுத்தான் அவளைத் தூக்கினேன். "இண்டைக்கு ஃபைல்தானே பாத்தனீர், அதிலயும் கிருமியோ?" என்று கணவர் பகிடி பண்ணினார். நான் நிறுத்தவில்லை.

அதே ஆய்வுகூடத்துக்கு மறுபடி போனபோது, எங்களுக்கு விளக்கம் தந்த விஞ்ஞானியிடம் தனியாகக் கேட்டேன். அவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த முஸ்லிம் பெண், அவருக்கும் சின்னப் பிள்ளைகள்.

"நான் வூட்டுக்குப் போனதும் புள்ளையத் தூக்கிட்டுத்தான் பேக்கையே வெக்கிற, தங்கச்சி. இங்கயே எல்லாம் கழுவி, மாத்திட்டுத்தானே போற. உள்ளுக்கு ஈக்கிற கிருமி வெளிய வராது. அப்படி வந்தா, நீங்க குளிச்சும் பிரயோசனமில்ல."

முதல் பாதி ஆறுதலாக இருந்தது. கடைசி வசனத்தைப் பஸ்ஸில் திரும்பத் திரும்ப யோசித்தேன். என்றாலும் அவர் சொன்னது நியாயம் என்று முடிவெடுத்து, அன்று குளிக்காமல் வாசலிலேயே கையை நீட்டினேன்.

மகள் மாமியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். "குளிச்சிட்டு வாங்கோ" என்றாள்.

போய்க் குளித்தேன். இப்போதும் அப்படித்தான். போன கிழமை முன்பள்ளி ஆசிரியை கூப்பிட்டுக் கதைத்தார். கைகோத்து விளையாடச் சொன்னால், "நீ குளிச்சனியோ?" என்று மற்றப் பிள்ளைகளிடம் கேட்கிறாளாம். ஒருவரும் அவளோடு சேர்வதில்லையாம்.

அடுத்த மாதமும் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், போவேன். ஆஸ்பத்திரியிலோ ஆய்வுகூடத்திலோ வேலை செய்து, வீட்டில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். வாசலில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நானே பழக்கிய பயத்தை எப்படி மறக்கப் பண்ணுவது? வந்ததும் குளிப்பதை ஒரேயடியாக விடவா, அல்லது அவளாக வரும்வரை பொறுத்திருக்கவா?