தொழுவத்துக்கு வந்த ராஜகுமாரி

என் மகளுக்கு ஐந்து வயது ஆகும்வரை எங்கள் வீட்டுக்குள் ஒரு ராஜகுமாரியும் நுழையவில்லை. நான் நுழைய விடவில்லை என்பதுதான் சரி. நான் கால்நடை மருத்துவர். சின்னமனூரில் குடியிருந்துகொண்டு, சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருப்பவள். ஒரு பெண் தூங்கிக்கொண்டே கிடப்பாள், எவனோ குதிரையில் வந்து எழுப்புவான் என்கிற கதை எனக்கு ஒத்துவராது. குதிரையில் வந்தவன் அந்தக் குதிரைக்குக் குடற்புழு மருந்து கொடுத்தானா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கத் தேனிக்குப் போனேன். பொம்மைக் கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி, "பாப்பாவா, தம்பியா மேடம்?"

"பாப்பா."

"அப்ப அங்கன பாருங்க."

அவர் கை காட்டிய இடத்தில் தரையிலிருந்து கூரைவரை ரோஸ் நிறம். ரோஸ் கிரீடம், ரோஸ் கண்ணாடி, ரோஸ் அடுப்பு, ரோஸ் துடைப்பம். ராஜகுமாரிக்குத் துடைப்பம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. எதிர்ச் சுவரில் லாரி, கிரேன், டைனோசர், அதற்குக் கீழே பண்ணை விலங்குகள் அடங்கிய ஒரு பெட்டி.

"அது பசங்க ஐட்டம் மேடம்."

"மாடு எப்பங்க பசங்களுக்கு மட்டும்னு ஆச்சு? கறக்குறது பூராம் பொம்பளைகதான?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நெசந்தான். ஆனா பாப்பாக யாரும் மாடு கேக்கறதில்லையே."

பண்ணை விலங்குகளை வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பசுவின் மடியில் இரண்டே காம்பு. அது ஆட்டு மடி. என் கணவரிடம் காட்டினேன். பெரியகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். கோப்பில் பிழை இருந்தாலே பதறுகிறவர். ஆனால் மடியில் பிழை என்றதும், "பொம்மைதான, விடு" என்றார்.

"பொம்மைன்னா நாலு காம்பு வைக்கக் கூடாதா?"

எங்கள் விவாதம் முடிவதற்குள் மகள் அந்தப் பசுவின் முதுகில் என் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, "இது ராணி, இது வேலை செய்யாது" என்று அறிவித்தாள். பள்ளியில் அவள் வகுப்புப் பிள்ளைகளின் பை, வாட்டர் பாட்டில், செருப்பு என எல்லாவற்றிலும் பெரிய கண்ணும் சிறிய மூக்குமாக ஒரே முகம்தான் இருக்கும். நான் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் என்ன, அது பள்ளிக்கூட வேனில் ஏறி வந்துவிட்டது.

மறுநாள் என் நாத்தனார் திருப்பூரிலிருந்து வந்தாள். பெரிய அட்டைப் பெட்டி. உள்ளே ஏழெட்டு அடுக்கு வலைத்துணி வைத்த கவுன், முதுகில் தொங்கவிட ஒரு பளபளத்த போர்வை, கிரீடம், ஒரு மந்திரக்கோல். பெட்டியின் மேல் இருந்த படத்தில் ராஜகுமாரியின் இடுப்பு என் மணிக்கட்டு அளவு இருந்தது. ஒரு கிடேரிக் கன்று இப்படி இருந்தால் உரிமையாளரைக் கூப்பிட்டுத் திட்டி, தாது உப்பும் பிண்ணாக்கும் எழுதிக் கொடுத்து, மறுவாரம் ஓட்டிவரச் சொல்வேன்.

"மதினி, மூஞ்சிய அப்பிடி வைக்காதீக. பிள்ளை ஆசைப்படுதுல்ல" என்றாள் நாத்தனார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாமலே தெரியுதே."

மந்திரக்கோலை லேசாக ஆட்டினால் போதும், "யூ ஆர் பியூட்டிஃபுல்!" என்று ஒரு பெண் குரல் கீச்சிடும். அணைக்கும் பொத்தானைத் தேடினேன். அப்படி ஒன்று கிடையாது.

அன்றிலிருந்து என் மகள் கவுனைக் கழற்றவில்லை. குளிக்கக் கழற்றினாள், அதுவும் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். என் கணவர் முதல் நாளே சரணடைந்துவிட்டார். "ராஜகுமாரி, இட்லி ஆறுது பாருங்க" என்பார். நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். அதனால் நான் கூப்பிட்டு ஒரு வாரம் யாரும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் ஒரு கல்யாணத்துக்காகக் கடமலைக்குண்டு போயிருந்தார். காலை பத்து மணி இருக்கும், போன் வந்தது. மேகமலை அடிவாரத்தில் மூன்று பசு வைத்திருக்கும் அம்மா. எனக்குப் பழக்கம்தான். பதற்றப்படாத மனுஷி, அன்று குரல் நடுங்கியது.

"டாக்டரம்மா, தண்ணிக்குடம் ஒடஞ்சு ரெண்டு மணி நேரமாச்சு. முன்னங்காலு ரெண்டும் வெளிய தெரியுது, தலையக் காணம். செத்த வெரசா வாங்கம்மா."

கன்று தலையைத் திருப்பி மடக்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. அப்படியே விட்டால் தாயும் பிழைக்காது. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

"அந்தக் கவுனைக் கழட்டிட்டு வேற சட்டை போடு."

"ராஜகுமாரி கழட்ட மாட்டா."

மாட்டுக்கு அவகாசம் இல்லை. நான் தோற்றேன்.

ஸ்கூட்டரில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரைத் தாண்டி வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் வந்ததும் ஏழெட்டு அடுக்கு வலைத்துணியும் ஒருசேரக் கிளம்பி என் முகத்தை மூடிவிட்டது. ஒரு கையால் கவுனை அமுக்கிக்கொண்டு ஒரு கையால் வண்டியை ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் மந்திரக்கோல் என்னை அழகி என்றது. எதிரே வாழைத்தார் ஏற்றி வந்த லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டி எங்களுக்கு வழி விட்டார்.

போய் இறங்கியபோது அந்த அம்மா ஓடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"யாத்தே! யாரு இது, சாமி கணக்கா வந்திருக்காக!"

"நான் ராஜகுமாரி."

"ராஜகுமாரியா? அப்ப இங்கன உக்காருங்க ஆத்தா." மாடு உயிருக்குப் போராடுகிற அவசரத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துத் தொழுவத்துக்கு எதிரே போட்டார். வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டே பேச்சையும் விடவில்லை. "ராஜகுமாரி என்ன சோலி பாப்பீக?"

"ஒண்ணும் பாக்க மாட்டேன். அழகா இருப்பேன். அப்புறம் தூங்குவேன்."

"எனக்கு அந்தச் சோலி கெடைச்சாத் தேவலை" என்றார் அந்த அம்மா, இரண்டாவது வாளியை இறக்கி வைத்தபடி.

நான் தோள்வரை நீளும் உறையை மாட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். மாடு முக்கும்போதெல்லாம் என் கை நசுங்கியது. கன்றின் கழுத்து இடதுபக்கம் வளைந்து உள்ளே போயிருந்தது. காதுக்குமேல் விரல் எட்டவில்லை. மாட்டின் பின்பக்கத்தில் கன்னத்தை அழுத்திக்கொண்டு கண்ணை மூடித் துழாவினேன். அப்போது என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"அம்மா, என்ன தேடுற?"

நாற்காலி காலியாக இருந்தது.

"கன்னுக்குட்டியோட தலையை."

"தொலைச்சிட்டாகளா?"

"உள்ளதான் இருக்கு. திரும்பிக்கிச்சு."

"நல்லாத் தேடு. அவசரப்படாமத் தேடு." தினமும் காலையில் ஷூ காணாமல் போகும்போது நான் அவளிடம் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். சொன்னபடி கோலை வேறு ஆட்டினாள். "யூ ஆர் பியூட்டிஃபுல்!" மாடு மிரண்டு துள்ளியது.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார், "என்னமோ இங்கிலீசுல சத்தம் குடுக்குதே, என்ன சொல்லுது?"

"நீ அழகா இருக்கன்னு சொல்லுது" என்றாள் மகள்.

"யாரை? மாட்டையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை உள்ளே இருக்கும்போது சிரிக்கக் கூடாது, பலம் போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டு, மாடு முக்காத ஒரு நேரம் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளினேன். கிடைத்த கொஞ்ச இடத்தில் தாடையைப் பிடித்து வளைத்தேன். தலை திரும்பி வந்து கால்களுக்கு நடுவே உட்கார்ந்தது. அந்த நேரத்தில் வருகிற நிம்மதி, எத்தனை வருஷமானாலும் புதிதுதான்.

மாட்டைத் தூணில் கட்டிவிட்டு, கன்றின் இரண்டு கால்களிலும் கயிறு போட்டு, மாடு முக்கும்போது நானும் வீட்டுக்காரரும் இழுத்தோம். கயிற்றின் கடைசி நுனியை வேறு யாரோ பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை. கன்று ஒரே வழுக்கில் வந்து விழுந்தது. நான் வைக்கோலில் விழுந்தேன், வீட்டுக்காரர் வாளிமேல் விழுந்தார், ராஜகுமாரி சாணிக் குவியலில் உட்கார்ந்தாள்.

கன்று மூச்சு விடவில்லை. மூக்கை வழித்துவிட்டு, "துணி! துணி குடுங்க!" என்று கத்தினேன். என் கையில் எதுவோ வந்தது. வாங்கித் துடைத்தேன். கன்றின் ஈரம் கொஞ்சமும் குறையவில்லை. குனிந்து பார்த்தால் அது என் மகளின் பளபளத்த போர்வை. அவளே கழற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வாரமாக யாரையும் தொட விடாத பொருள். ஆனால் அந்தத் துணி ஒரு சொட்டு உறிஞ்ச வேண்டுமே! கண்ணாடியில் தண்ணீர் வழிகிற மாதிரி வழிந்தது. அந்த அம்மா அதை ஒதுக்கிவிட்டு, சாக்கை எடுத்துக் கன்றைத் தேய்த்தார். நான் ஒரு வைக்கோலை மூக்குத் துவாரத்தில் விட்டுத் திருகினேன். கன்று தும்மியது. பிறகு தலையை ஆட்டி மூச்சு இழுத்தது.

பின்காலைத் தூக்கிப் பார்த்தேன். "கிடேரி."

"கிடேரிக் கன்னு!" அந்த அம்மா கையைத் தட்டினார். வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ தானே பெற்ற மாதிரி நின்றார். பிறந்தது பெண் என்றதும் யோசனையே இல்லாமல் சந்தோஷப்படுகிற இடம் மாட்டுத் தொழுவம். பிரசவ ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்த அன்று, "அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

திரும்பி வரும்போது கவுன் பறக்கவில்லை. சாணிப் பாரத்தில் அடங்கிக் கிடந்தது. மந்திரக்கோல் தண்ணீர் வாளியில் விழுந்து வாயடைத்துப் போயிருந்தது. கதை முடிந்தது, உண்மையான வேலையை ஒரு முறை பார்த்ததும் பிள்ளைக்குத் தெளிந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

"இந்தக் கவுன் இனிமே வேண்டாம்ல?"

"ஏன் வேண்டாம்? தொவச்சுக் குடு. ராஜகுமாரி போர்வை குடுத்தாள்ல, அதுலதான் கன்னுக்குட்டி முழிச்சுச்சு."

வைக்கோலால்தான் முழித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் பள்ளியில் மாறுவேடப் போட்டி. நான் டாக்டர் வேஷம் போடச் சொன்னேன். "அது நீ தெனம் போடுற வேசம். சாணி நாறும்" என்று சொல்லிவிட்டாள். துவைத்த கவுனோடு போனாள். மேடையில் மொத்தம் ஒன்பது ராஜகுமாரிகள். எல்லாரும் மைக்கில் அதே இரண்டு வரியை ஆங்கிலத்தில் சொன்னார்கள்: நான் ராஜகுமாரி, நான் அரண்மனையில் இருக்கிறேன். ஆறாவதாக என் மகள் வந்தாள். முதல் வரியைச் சரியாகச் சொன்னாள். இரண்டாவது வரி மறந்துபோயிற்று. பிறகு தமிழுக்கு மாறினாள்.

"மாட்டுக்கு வயித்துல கன்னு மாட்டிக்கிச்சு. தலையக் காணம். எங்கம்மா இம்புட்டுத் தூரம் கையை உள்ள விட்டாக." தோளைத் தொட்டுக் காட்டினாள். "நான் கயித்தப் புடிச்சு இழுத்தேன். கொழகொழன்னு வந்துச்சு. எல்லாரும் விழுந்துட்டோம்."

ஒரு டீச்சர் மைக்கை நோக்கி வேகமாக நடந்தார். அதற்குள் முன்வரிசையில் இருந்த அப்பா ஒருவர், "கன்னு பொழைச்சுச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"பொழைச்சுருச்சு! கிடேரி!"

கூட்டம் கைதட்டியது. என் கணவர் பலமாகத் தட்டினார். நான் தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். கண் கலங்கியிருந்தது, சிரிப்பாலா வேறெதாலா என்று எனக்கே தெரியவில்லை.

முதல் பரிசு வாழைத்தாராக வந்த குழந்தைக்குக் கிடைத்தது. நியாயமான தீர்ப்பு, அந்தப் பிள்ளை வேர்த்துப்போய் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. கலந்துகொண்ட பிள்ளைகளுக்கெல்லாம் பென்சில் டப்பா கொடுத்தார்கள். பையன்களுக்கு நீலம், கார் படம். பெண்களுக்கு என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாசலில் இன்னொரு ராஜகுமாரியின் அம்மா என்னை நிறுத்தினார். "உங்க மக சொன்னதுலருந்து இவளும் கன்னுக்குட்டியப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கூட்டிட்டுப் போவீங்களா?" அவருக்குப் பின்னால் இன்னொரு அம்மாவும் நின்றார்.

அடுத்த ஞாயிறு கணவரின் நண்பர் வண்டியை வாங்கிக்கொண்டு மூன்று ராஜகுமாரிகளையும் ஏற்றிப் போனோம். சாதாரண உடுப்பில் வரச் சொல்லியிருந்தேன். ஒருத்தியும் கேட்கவில்லை. தொழுவத்து அம்மா இந்த முறை நாற்காலியெல்லாம் போடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தார்.

"ராஜகுமாரிமாரு எல்லாரும் வந்துட்டீகளா? அப்ப ஆளுக்கு ஒரு கை புல்லு அள்ளிப் போடுங்க. சாணிக் கூடை அங்கன இருக்கு."

சாணிக் கூடையை யார் தூக்குவது என்று மூன்று கிரீடங்களும் முட்டிக்கொண்டன. விலக்கிவிட என் கணவர் போய், கடைசியில் அவர் சட்டையும் வீணானது.

அன்று சாயங்காலம் அந்த இரண்டு அம்மாக்களில் ஒருவர் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"டாக்டர், இந்த வலைத்துணியில சாணிக் கறை எப்படிப் போகும்?"

"ஈரத்தோட தேய்க்காதீங்க. நல்லா வெயில்ல காய விட்டு, தட்டி உதறுங்க. மிச்சத்தத் தண்ணில அலசுங்க."

"சரி. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள காஞ்சுருமா? போட்டுட்டு வரணும்ங்குறா."