சாத்தூருக்கு வந்த பாடி

பானுப்பிரியாவுக்குப் பகலில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கோயில் கொடைத் திருவிழா சீசன் வந்துவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு மேடையில் வேலை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஊர்க்காவலன் நடத்துகிற மெல்லிசைக் குழுவில் அவள்தான் கிட்டார் வாசிப்பாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் தரையைப் பார்ப்பவள், கிட்டாரைத் தோளில் மாட்டிவிட்டால் எதிரே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் நிமிர்ந்து பார்த்துவிடுவாள்.

அந்தக் கிட்டாரை முதலில் வைத்திருந்தவர் அச்சங்குளத்துக்காரர். வாசிப்பதைவிட அதை ஜோடிப்பதில்தான் அவருக்கு ஆசை. கடையில் வாங்கிய கிட்டாரின் மரப் பாடியை ரம்பத்தால் அறுத்து மயில் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சுற்றிலும் துளை போட்டு சீரியல் பல்பு பதித்தார். போதாதென்று, வாசிக்கும்போதே புஸ்வாணம் பொங்கவேண்டும் என்று வால் பக்கம் ஓர் இரும்புக் குழாயையும் முடுக்கினார். ஒரே ஒருமுறை பொங்கியது. மீசையில் பாதி கருகியதும் கிட்டாரை விற்றுவிட்டார்.

பானு அந்தக் குழாயைச் சும்மா விட்டுவைத்தாள். பகலெல்லாம் வெடிமருந்தோடு புழங்கிவிட்டு மேடையிலுமா என்றிருந்தது. மாமியார் சண்முகத்தாய்தான் ஆயுத பூஜையன்று அதில் ஊதுபத்தி செருகுவாள்.

“வேற எதுக்கு ஆகும் இது? டொய்ங்கு டொய்ங்குன்னு. ஒரு அம்மி வாங்கியிருந்தா அரைக்கவாவது ஆகும்” என்பாள்.

இத்தனை துளை போட்ட மரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆனி மாதத்தில் ஒரு கச்சேரி. பாட்டு உச்சத்துக்கு ஏறியபோது, கிட்டாரின் நெக் வந்து சேருகிற இடத்தில் மயில் இரண்டாகப் பிளந்தது. கம்பிகள் அறுந்த துணிக்கொடி மாதிரி தொங்கின. ஆசாரி பசை வைத்து ஒட்டிப் பார்த்தார். கம்பியை முறுக்கினால் மறுபடி வாய் திறந்தது. கடைசியில் மதுரைக் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நெக்கு நல்லாயிருக்கு. வயரு, சத்தம் புடிக்கிற பிக்கப்பு எல்லாம் நல்லாயிருக்கு. பாடிதான் போச்சு. அளவு அனுப்புங்க, புது பாடி பார்சல்ல வரும். மாத்திருங்க.”

ஊர்க்காவலனுக்குப் பொறுமை இல்லை. “தாயி, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கச்சேரி. அதுக்குள்ள ஒன் கிட்டார் வரலன்னா தப்பா நெனைக்காத. கீபோர்டுலயே ஒரு பட்டனை அமுக்குனா கிட்டார் சத்தம் வருது” என்றார்.

அந்தப் பட்டன் பானுவைத் தூங்கவிடவில்லை. ஒருமுறை மேடையை விட்டு இறங்கிய பெண்ணை மறுபடி யாரும் கூப்பிட்டு ஏற்றுவதில்லை என்பதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் பார்சலுக்கு மாமியாரின் நம்பரைக் கொடுத்திருந்தாள். அதை மாமியாரிடம் சொல்ல மறந்துபோனாள்.

கடைசி வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கையில், உச்சிப்பொழுதில் அந்த போன் வந்தது.

“ஏழாயிரம்பண்ணை பானுப்பிரியாங்களா?”

“எம் மருமகதான். கம்பெனிக்குப் போயிருக்கா. நீங்க யாரு?”

“சாத்தூர்ல இருந்து பேசுறோம். பானுப்பிரியா பாடி வந்திருக்கு. ஷட்டர் எறக்குறதுக்குள்ள யாராவது வந்து எடுத்துக்கோங்க. ஒரு கையெழுத்துப் போடணும்.”

பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் ‘பாடி’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். சண்முகத்தாய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா... ரொம்பச் செதைஞ்சு போச்சா?”

“ஒரு கீறல் கெடையாதும்மா. சாக்குல நல்லாச் சுத்தித்தான் கட்டியிருக்கு.”

அவ்வளவுதான். தெரு கூடிவிட்டது. ஃபோர்மேனுக்குப் போட்டால் போன் அணைந்திருந்தது. வெடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒருவர் இழுத்தார். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்று இன்னொருவர் முடித்துவைத்தார். லோடு ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி போயிருந்த புருஷன் தங்கச்சாமிக்குத் தகவல் பறந்தது. நாற்காலிகள் இறங்கின. மைக்செட் முனியராஜ் குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டினான். ஊர்க்காவலன் ஆளுயர மாலையோடு வந்தார்.

சாயங்காலம் கம்பெனி வேன் பானுவை முக்கில் இறக்கிவிட்டுப் போனது. தெருவில் கூட்டத்தைப் பார்த்ததும் மாமியாருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் பக்கத்து வீட்டு ரோஜா முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள்.

“மதினி, யாருக்கு என்ன?”

“நம்ம பானுப்பிரியா போயிட்டாளாம்” என்றாள் ரோஜா, முந்தானையை எடுக்காமலே.

எந்தப் பானுப்பிரியா என்று யோசிப்பதற்குள் பானுவுக்கு அழுகை முந்திக்கொண்டது. அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளேயிருந்து மாமியாரின் ஒப்பாரி கேட்டது.

“கிட்டாரு தோளேறுனா கிளி வந்து கேக்குமே, எம் மருமக வெரலு பட்டா இரும்புங் கூடப் பாடுமே...”

செத்தவளும் கிட்டார் வாசிப்பாளா என்று பானுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமியாருக்கு அவள்மேல் இத்தனை பிரியமா என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஊர்க்காவலன் தொண்டையைச் செருமினார். “கீபோர்டுல வர்றதெல்லாம் ஒரு கிட்டாராய்யா? அது தகர டப்பா. அந்தப் பிள்ள நின்ன எடத்துல இனி ஒருத்தரும் நிக்க முடியாது. இது சத்தியம்” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

முனியராஜ் மரத்திலிருந்து இறங்கினான். “சாத்தூர்ல பாடி எடுக்க வேன் வந்துருச்சு. யாரு யாரு வர்றீக?”

சாத்தூர், பாடி. பானுவின் அழுகை பாதியில் நின்றது.

“வந்துருச்சா? நான் வர்றேன்” என்று கையைத் தூக்கினாள்.

ரோஜா திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்து என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். சண்முகத்தாய் மருமகளைக் கட்டிப்பிடித்தாள், பிறகு முதுகில் நாலு சாத்தினாள், மறுபடி கட்டிப்பிடித்தாள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். “அது கிட்டார் பாடி, அத்தே” என்பதை அவளுக்குப் புரியவைக்கவே வெகுநேரம் ஆனது.

“மரக்கட்டைக்கா இம்புட்டு நேரம் அழுதேன்? நீ மொதல்ல வேன்ல ஏறு. ஷட்டரை எறக்கிருவான்” என்று மாமியாரே அவளைத் தள்ளிவிட்டாள்.

வந்த வேனை வெறுமனே அனுப்ப யாருக்கும் மனமில்லை. பாதித் தெரு ஏறிக்கொண்டது. பார்சல் ஆபீஸ்காரர், ஒரு சாக்கு மூட்டையை வாங்க இத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்.

திரும்பி வந்து, துக்கத்துக்குப் போட்ட பெஞ்சிலேயே மூட்டையைப் பிரித்தார்கள். கருஞ்சிவப்பில், துளை இல்லாமல், முகம் பார்க்கலாம்போல இருந்தது. நெக் உட்காரும் பள்ளம் மட்டும் ஒரு மயிரிழை இறுக்கம். பானு உப்புத்தாளால் தேய்ப்பதும் வைத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். தெருவே மூச்சு விடாமல் குனிந்து நின்றது. கடைசியில் ‘டொக்’கென்று உட்கார்ந்தது. பழைய மயிலிலிருந்து பிக்கப்பைக் கழற்றி, முனியராஜ் வயர்களைப் பற்றவைத்தான். வேப்பமரத்து ஸ்பீக்கரிலேயே இணைப்பும் கொடுத்தான்.

ஊர்க்காவலன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். “நான் துக்கத்துல ஏதோ சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமைக்குக் கீபோர்டுக்காரங்கிட்டயே சொல்லிவச்சுட்டேன்...”

“துக்கத்துல சொன்னதுதான்யா நெசம். சத்தியம்னு சொன்னீகல்ல? தெருவே கேட்டுச்சு. தகர டப்பான்னும் சொன்னீக. அந்தக் கீபோர்டுத் தம்பி காதுல போடவா?” என்றாள் சண்முகத்தாய்.

ஊர்க்காவலன் தெருவைச் சுற்றிப் பார்த்தார். மாலையை ரோஜாவிடம் கொடுத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி தாயி, வெள்ளிக்கிழமை வாசிக்கிற மொதப் பாட்டை இப்ப வாசி. கேப்போம்.”

பானு கம்பிகளை முறுக்கினாள். புது மரம் வாய் திறக்கவில்லை. முதல் சுரம் வேப்பமரத்திலிருந்து இறங்கித் தெருவைக் கழுவிக்கொண்டு ஓடியது. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. யாரோ காபி கொடுத்தார்கள்.

பாட்டு பாதி நடக்கையில் முக்கில் ஒரு லாரி நின்றது. தங்கச்சாமி குதித்து, தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். செத்த சேதியைச் சொன்னவர்களில் ஒருவருக்கும் மறு சேதி சொல்லத் தோன்றவில்லை. அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவளைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றான்.

பானுவுக்கு ஓடிப்போய் அவன் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஊர்க்காவலன் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்தபடியே, விரல் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.