ஒரு மணி நேரம் கேட்டவர்

ரயில் பாதைக்கு மேலே மின்கம்பி இழுக்க வந்த கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அவர். பெயர் கேட்டதில்லை. வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் ஈரத்துண்டு. வடக்குத்து ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் பார்ப்பேன். கம்பி இழுக்க, ஒரு மணி நேரமாவது ரயில்களை நிறுத்த வேண்டும். அனுமதி வரப்போகிறதென்று ஹெல்மெட்டை மாட்டுவார். போன் வரும். கழற்றிப் பெஞ்சில் அடிப்பார்.

"இன்னிக்கும் இல்லீங்களா?"

"கூட்ஸ் வருதாம்! புது லைனா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன். வண்டி ஓடிக்கினே இருந்தா எங்கங்க வேல செய்யறது?"

"கூட்ஸுக்கு என்னாங்க அவ்ளோ அவசரம்?"

"உங்க ஊரு சுரங்கத்து நிலக்கரிதாங்க. எங்கியோ கரண்டு எடுக்கறதுக்குப் போவுது!"

ஒருநாள் கடலூருக்குப் போன என் ரயில் வடலூரிலேயே நின்றுவிட்டது. பெட்டி கொதித்தது. பொறுக்க முடியாமல் ஜன்னல் வழியே கத்தினேன்: "எவன்யா வண்டிய நிறுத்தனது?"

சற்று முன்னால், தண்டவாளத்தில் நின்ற ஏணி வண்டியின் உச்சியிலிருந்து ஒரு ஹெல்மெட் திரும்பியது.

"நான்தாங்க!" என்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.