இடது மூலை

எங்கள் அச்சகத்து டைப்பிங் அக்கா திரையைப் பார்த்து வேலை செய்பவரல்ல; கை தானாகப் போகும். நேற்று முதலாளி கம்ப்யூட்டரில் புதிய இயங்குதளத்தை ஏற்றித் தொலைத்தார். பழக்கத்தில் அக்காவின் கை மவுசோடு திரையின் இடது மூலைக்கே போனது. அங்கே புரோகிராம்களின் பழைய பட்டியல் இல்லை, வானிலை அறிக்கை விரிந்தது. மூடினார். மறுபடியும் வானிலை. எழுத்துரு எங்கே, பிரிண்டர் எங்கே, எதுவும் பிடிபடவில்லை.

"பாக்க எவ்ளோ லட்சணமா இருக்கு," என்றார் முதலாளி. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தன் அப்பாவின் மரண அறிவிப்பை அச்சடிக்க வந்தவர் எதிரிலேயே நின்றார்.

"அப்பாவ எடுக்கறதுக்குள்ள கிடைச்சிடுமாக்கா?"

அக்காவின் கை மறுபடியும் மூலைக்குப் போனது.

"நோட்டீசுக்காகக் காத்திருக்காதீங்க தம்பி," என்றார். "சாயங்காலம் மழையாம். சீக்கிரம் எடுத்துடுங்க."