ஓரிதழ் தாமரை இருந்த திடல்

ஓரிதழ் தாமரையை முதன்முதலில் பார்க்கிற யாரும் சிரித்துவிடுவார்கள். முழங்காலுக்கு எட்டாத செடி. இலை புல்லோடு புல்லாகக் கலந்து நிற்கும். பூவில் இளஞ்சிவப்பாக ஒரே ஓர் இதழ்தான் கண்ணுக்குத் தெரியும், மற்றதையெல்லாம் யாரோ பிய்த்துக்கொண்டு போன மாதிரி. எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாயை ஒட்டிய திடலில் அதைக் கண்ட அன்று, பஸ் காலியாக இருந்தும் காலடிப்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தேன். உட்காரவே தோன்றவில்லை.

அந்தத் திடலை லாரி நிறுத்துமிடம் ஆக்கப்போவதாகப் பேச்சு. காகிதத்தில் அது தரிசு. ‘தரிசு இல்ல சார், புல்வெளி, வந்து பாருங்க’ என்று எங்கள் கல்லூரித் தாவரவியல் பேராசிரியரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். செடி நிற்பதை நேரில் பார்த்தால் அப்படியே எழுதித் தருவதாகச் சொன்னார். பக்கத்துக் குப்பத்தில் இருக்கும் என் தோஸ்திடமும் சொல்லிவைத்தேன், ஞாயிற்றுக்கிழமை நம்ம கிரவுண்டைப் பார்க்க சார் வருகிறார் என்று.

நாங்கள் போய் இறங்கியபோது திடல் மொட்டையாகக் கிடந்தது. மண்வெட்டியால் செதுக்கி, தரை முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவி, நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பெரிய மனிதர் வந்தால் எங்கள் பக்கத்தில் இதுதான் மரியாதை.

“இன்னா மாமு, எப்டி கீது?” தோஸ்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “காலையிலேர்ந்து பசங்களோட செதுக்கிகினு கீறேன். ஒரே கலீஜு. பாம்பு கீம்பு சாரைப் புடுங்கிட்டா உன் மானம் இன்னாத்துக்கு ஆவுறது?”

ஓரத்தில் குவித்திருந்த புல்லைக் கிளறினேன். வாடிய ஒற்றை இதழ் விரலில் ஒட்டியது. அவனிடம் நீட்டினேன்.

“இத்தப் பாக்கவா வந்தாரு?” அவன் முகம் சுண்டிப்போனது. “அய்ய, தெரிஞ்சிருந்தா கைய வச்சிருப்பனா மாமு?”

“பிடுங்கிப்போட்ட செடியை வச்சு நான் எதுவும் எழுத முடியாதுப்பா” என்றார் பேராசிரியர். என் முகத்தைப் பார்த்தவர், “விதை மண்ணுல கிடக்கும். மழை வந்தா முளைச்சாலும் முளைக்கும்” என்றார்.

“மழை இன்னாத்துக்கு சார்?”

தோஸ்து தெருக்குழாய்க்கு ஓடினான். இரண்டு குடம் கொண்டுவந்து, செதுக்கிய இடத்தில் பார்த்துப் பார்த்து ஊற்றினான். வெள்ளைத் தூள் பால் மாதிரிக் கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. நெடி மூக்கில் ஏறியது. பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மழை பெய்திருந்தாலும் இதே பிளீச்சிங்தான் விதை வரை இறங்கியிருக்கும். அந்த மண்ணில் இனி முளைக்க எதுவும் மிஞ்சாது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

“வந்துடும் மாமு, பேஜாராவாத” என்று மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.